முதல் கொள்முதல்

காரைக்குடியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டு ஆசைகள்தான் வரும். ஒன்று, தனியாகக் கடை போடுவது. மற்றது, கொள்முதலுக்குப் போவது. கடை போடக் கையில் முதல் வேண்டும். கருத்தையாவிடம் அது இல்லாததால் அந்த ஆசை அவனைத் தொந்தரவு செய்யவில்லை. இரண்டாவதுதான் அவனைப் பிடித்து ஆட்டியது.

அமராவதிபுதூரில் பிறந்து, எட்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, விசாலம் ஜவுளி ஸ்டோரில் சேலைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவன். நாள் முழுக்க விரிப்பது, நாள் முழுக்க மடிப்பது. ஒரு மகராசி வந்து உட்கார்ந்தால் அலமாரியில் பாதியை இறக்க வைப்பாள். ஒவ்வொன்றையும் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்ப்பாள். பிறகு "அடுத்த மாசம் வாறோம்" என்று எழுந்துவிடுவாள். அவள் படியிறங்கித் தெருவில் திரும்பும் வரை இவன் சிரித்தபடி நிற்க வேண்டும். சம்பளம் அந்தச் சிரிப்புக்குத்தான், மடிக்கிறதெல்லாம் சும்மா.

அதே கடையில் காஜா மைதீன் ராவுத்தர் இருந்தார். அவர் கொள்முதல் ஆள். வருசத்தில் நாலைந்து தடவை பம்பாய்க்கும் சூரத்துக்கும் ரயிலேறிப் போய்ச் சரக்கு எடுத்து வருவார். அவர் திரும்பி வருகிற அன்றைக்கு முதலாளி சாத்தப்ப செட்டியாரே எழுந்து, "வாங்க ராவுத்தரே" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். எதிர்த்த கிளப்பிலிருந்து காப்பி வரும். கருத்தையாவுக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண், அந்தக் காப்பி மேல் இன்னொரு கண்.

"விக்கிறவன் வந்தத விக்கிறான். ஊரு என்ன உடுத்தணும்னு முடிவு பண்றது அவருதான் காளி" என்று வீட்டில் வந்து பெருமூச்சு விடுவான். பெண்டாட்டி காளியாயி, "நீங்களும் ஒரு நாளைக்குப் போவீக, மொதல்ல சோத்தத் தின்னுங்க" என்பாள்.

நேமத்தான்பட்டிக்கு அங்குட்டு ஒரு சின்ன ஊர் அவளுக்கு. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, அண்ணன் கோட்டைச்சாமிதான் வளர்த்துக் கட்டிக்கொடுத்தான். ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஓடி வளர்ந்தவளுக்குத் துணியில் எப்படி அப்படி ஒரு கண் வாய்த்தது என்று தெரியவில்லை. புதுச்சரக்கில் ஒன்றை இவன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் விரலால் நிமிண்டிப் பார்த்து, வாசல் வெளிச்சத்தில் ஒருதரம் உதறுவாள். "இது ஓடும். இது ஓடாது, நம்ம ஊருக் கருப்புக்கு இந்த நெறம் மூஞ்சிய இருட்டாக்கிரும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சொன்னபடியே நடக்கும். மறுநாள் கருத்தையா அதையே தன் வாயால் கடையில் சொல்லுவான். "கருத்தையாவுக்குக் கண்ணு இருக்கப்பா" என்று செட்டியார் மெச்சியிருக்கிறார். யாருடைய கண் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

இன்னொரு வேலையும் அவளை வைத்து அவன் செய்தான். நகராமல் கிடக்கும் டிசைனில் ஒரு சேலையை சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போவான். முதலாளிக்குத் தெரியும், தெரியாததுபோல இருப்பார். காளியாயி அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்கும் குழாயடிக்கும் ஒரு நடை போய் வருவாள். நல்ல உயரம், எதைச் சுற்றினாலும் எடுத்துக் காட்டும் உடம்பு. "எங்குட்டு எடுத்தீக?" என்று நாலு பேர் கேட்பார்கள். "விசாலம் கடைலதேன்" என்பாள். மறுநாள் அந்த நாலு பேரும் கடையில் இருப்பார்கள். ஆனால் சேலை அவளுக்கு இல்லை. சாய்ந்து உட்காரக் கூடாது, மூக்கு ஒழுகும் பிள்ளையைத் தூக்கக் கூடாது, வியர்வை படக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும். கருத்தையா செம்பில் கங்கு போட்டுத் தேய்த்து, பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்துவிடுவான். அதைப் புதுச்சேலை என்று வாங்கிப் போய்ச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்ட மகராசிகள் இந்த ஊரில் எத்தனையோ பேர். அத்தனை புதுச்சேலை உடுத்தியவள் பெட்டியில் இரண்டு நூல்சேலைதான் கிடந்தது.

அறுபத்தாறாம் வருசம் தை மாதம் ராவுத்தர் தேவகோட்டையில் சொந்தக் கடை போட்டுக்கொண்டு போய்விட்டார். செட்டியார் கருத்தையாவைக் கூப்பிட்டார்.

"ஒரு தடவ பம்பாய்க்குப் போய்ட்டு வா, பாப்போம். எடுத்தாந்த சரக்கு ஓடுச்சுன்னா எடம் ஒனக்கு. ஓடலைன்னா பழையபடி மடிச்சுக்கிட்டு இரு."

கருத்தையா போனான். அங்கே தரகர் ஒருவர் அவன் முன்னால் நைலான் சேலைகளை அள்ளிப் போட்டார். அதுவரை காரைக்குடியில் நைலான் என்றால் சிங்கப்பூரிலிருந்து வந்தவர் வீட்டுப் பெண்கள் உடுத்துவதுதான். இங்கே கட்டுக்கட்டாகக் கிடந்தது. வெளிர் ரோசாவில் நீலப் பூ, முந்தானையில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பெரிய பூ. தரகர் ஒரு சேலையைத் தன் மோதிரத்துக்குள் நுழைத்து முழுசாக இழுத்துக் காட்டினார். அவ்வளவுதான், நம் ஆள் விழுந்துவிட்டான். நிமிண்டிப் பார்த்து வேண்டும் வேண்டாம் சொல்லப் பக்கத்தில் காளியாயி இல்லை. கொடுத்தனுப்பிய பணத்தில் பெரும்பங்கை அதில் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கு வந்தான். செட்டியார் நாற்காலி போட்டார், காப்பியும் வந்தது.

வீட்டில் காளியாயி ஒன்றை விரித்துப் பார்த்தாள். விரல் இரண்டு தடவை அதில் நகர்ந்தது.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஒடம்புல நிக்காதுங்க, வழுக்கிட்டுப் போகுது. அடுப்படிக்கு ஆகாது."

"இது அடுப்படிக்காடி? இது வேற ஆளுகளுக்கு."

"எந்த ஆளுகளா இருந்தாலும் அடுப்படிக்குப் போகாம யாரு இருக்கா?"

அவன் சேலையைப் பிடுங்கி மடித்தான். அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

அவள் சொன்னதுதான் நடந்தது. பெண்கள் வந்தார்கள், தொட்டார்கள், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். "அய்ய, ஒடம்பெல்லாம் தெரியுமே" என்று சிரித்துவிட்டு நூல்சேலை எடுத்துக்கொண்டு போனார்கள். மாசி முடிந்து பங்குனி பிறந்துவிட்டது. கட்டுகள் அப்படியே இருந்தன. செட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காப்பி நின்றுபோனது.

பங்குனியில் அவர்கள் தெரு மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். வீதியின் இரண்டு பக்கமும் வரிசையாக அடுப்புக் கூட்டி, நாலைந்து தெருப் பெண்களும் அன்றைக்கு அங்கேதான் இருப்பார்கள். வசதியான வீட்டு ஆட்கள் காரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கருத்தையாவுக்கு அந்த நாள் கண்ணில் பட்டது. ஒரு நைலான் சேலையோடு வீட்டுக்கு வந்தான்.

காளியாயி தன் நூல்சேலையை மஞ்சளில் நனைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தாள்.

"அடுப்புக்கு முன்னால இதையா?" என்றாள். "இடுப்புலயே நிக்க மாட்டேங்குதுங்க."

"கொஞ்ச நேரந்தான் காளி. ஊருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வருவாக. இத விட்டா எனக்கு வேற நாளு இல்ல. சரக்கு நகரலைன்னா எம் பொழப்பு அம்புட்டுத்தான்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கொஞ்ச நாளாகவே பார்க்கச் சகிக்கவில்லை.

"சரி, நல்லா இழுத்துச் செருகிக்கிறேன்."

"செருகிராத. இழை இழுத்துக்கிரும், திருப்பிக் கடைக்குப் போகணும்ல. முந்தானையத் தொங்க விடு. அதுலதான் பூவே இருக்கு."

காளியாயி சரி என்று தலையாட்டினாள். பத்து வயசு மகள் கல்யாணசுந்தரி விறகுச் சுமையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் போனார்கள். கருத்தையா எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நினைத்தது போலவே பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கிட்டே வந்து முந்தானையைத் தூக்கிப் பார்த்து விசாரிக்கவும் செய்தார்கள். எண்ணிக்கொண்டே நின்றான். இதை நான் சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் அவன் எண்ணிக்கொண்டுதான் நின்றான்.

பானை பொங்கி வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். காளியாயி விறகைத் தள்ளக் குனிந்தாள். அந்த வழுவழுப்பு தோளில் நிற்கவில்லை, முந்தானை சரிந்து பின்னால் அடுத்தவள் அடுப்பில் போய் விழுந்தது. பங்குனிக் காற்று வேறு. குலவைச் சத்தத்தில் அவள் கத்தியது முதலில் யாருக்கும் கேட்கவில்லை. சுந்தரிதான் பார்த்தாள். தண்ணீரை ஊற்றினார்கள், சாக்கைப் போட்டு அமுக்கினார்கள். தீ அணைந்துவிட்டது. நூல்துணியாக இருந்தால் சாம்பலாகி உதிர்ந்திருக்கும். இது உருகி உடம்போடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்கப் போனவள் கையோடு தோலும் வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாள். இரண்டாம் நாள் நல்ல நினைவு இருந்தது.

"சீல கெட்டுப்போச்சே. கடையில என்ன சொல்லுவீக?" என்றாள்.

கருத்தையா அழுதான். அவன் மனிதன்தானே, அழாமல் என்ன செய்வான்.

"நா தலைக்குக் குளிச்சுச் சுத்தபத்தமாத்தேன் போனேன். ஆத்தாளுக்கு எம்மேல என்ன கோவம்?"

"ஒரு கோவமும் இல்ல காளி. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. சீலைதான். அந்தச் சீலைதான்."

"எங்க அண்ணன் கிட்ட அதச் சொல்லிருங்க. ஆத்தா குத்தம்னு நெனச்சா அது நொந்துரும். அதுக்குச் சாமின்னா உசுரு" என்றாள். "சொல்லிருவீகள்ல?"

"சொல்றேன்" என்றான்.

அன்று பின்னேரம் செட்டியார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கருத்தையாவை மரத்தடிக்குக் கூட்டிப் போனார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. நல்லவர்களும் நம்மிடம் சில காரியங்களைக் கேட்பார்கள், அதுதான் கொடுமை.

"ஊருல என்ன பேசிக்கிறாகன்னு தெரியுமா? காளியாயி வெலக்கா இருந்துக்கிட்டே பொங்க வைக்க வந்துருச்சு, அதான் ஆத்தா காட்டிப்புட்டான்னு பேசிக்கிறாக."

"அய்யோ, அப்பிடியெல்லாம் இல்ல முதலாளி. அது குளிச்சு நாலஞ்சு நாளாச்சு."

"எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு. ஊரு ஏதாவது பேசத்தான் செய்யும். ஆத்தாளச் சொல்லலைன்னா சீலையச் சொல்லும். கடையில அந்தக் கட்டுப் பக்கமே ஒரு பொம்பளையும் போகல. மொத்தமும் ஒன் கொள்முதல்." செட்டியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு பொய்யும் சொல்ல வேணாம். யாராவது கேட்டா மறுத்துப் பேசாம இரு. அது போதும். சித்திரைக்கு மறுபடியும் பம்பாய்க்கு ஆள் போகணும். எனக்கு ஒன்ன விட்டா யாரு?"

பேசாமல் இருப்பது எப்படி என்று கருத்தையா அங்கேயே பழகிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காளியாயி போய்விட்டாள். அவளை ஊருக்குக் கொண்டுவந்தபோது வாசலில் கூட்டம். கோட்டைச்சாமி பிறந்த வீட்டுக் கோடிச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். செட்டியாரும் வந்திருந்தார். உடம்பைக் குளிப்பாட்ட வேண்டிய பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு தயங்கினார்கள். மஞ்சள் கிண்ணத்தை யாரும் தொடவில்லை. சுமங்கலியாகப் போனவளுக்குச் செய்கிற எதையும் செய்ய ஒருத்திக்கும் கை வரவில்லை. கோட்டைச்சாமிக்கு விசயம் மெல்ல உறைத்தது. நேராகக் கருத்தையாவிடம் வந்தான்.

"மாப்ளே, சனம் என்னமோ சொல்லுது. நீங்க சொல்லுங்க. எந்தங்கச்சி ஆத்தாளுக்கு ஏதும் குத்தம் பண்ணிட்டாளா?"

கூட்டம் அடங்கியது. காளியாயி கேட்டுக்கொண்டதை நிறைவேற்ற இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஒரு வார்த்தை. இல்லை என்ற ஒரே ஒரு வார்த்தை. கருத்தையா வாயைத் திறந்தான். கண் செட்டியார் பக்கம் போனது. அவர் இவனைப் பார்க்கவில்லை, பந்தல்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருத்தையா தலையைக் குனிந்துகொண்டான்.

அது போதுமானதாக இருந்தது. கோட்டைச்சாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்து, "அடிப் பாதகத்தி, என்ன காரியம்டி பண்ணிட்ட" என்று தலையில் அடித்துக்கொண்டான். சுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்குப் பிறகு கருத்தையாவின் பிழைப்பு நன்றாகத்தான் போனது. அதைச் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆத்தா கோபத்தில் போனவள் என்றால் சேலைக்கு என்ன பழி? சித்திரைக் கல்யாணங்களில் நைலான் பூராவும் விற்றுத் தீர்ந்தது. பொங்கலன்று முந்தானையைத் தூக்கிப் பார்த்த இரண்டு பெண்களும் வந்து ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். தீபாவளிக்கு இவன் இன்னும் அதிகமாக எடுத்து வந்தான். நாற்காலி நிரந்தரமானது, காப்பி தினமும் வந்தது. பம்பாய்த் தரகர்கள் 'கருத்தையா சேட்' என்று கூப்பிட்டார்கள். ஒரு தீபாவளியில் கானாடுகாத்தான் பக்கம் புதுப்பெண் ஒருத்தி மத்தாப்பில் வெந்துபோனாள் என்று கடையில் பேச்சு வந்தது. அவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கருத்தையா கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய், விரித்துக் கிடந்த சேலைகளை மடிக்க ஆரம்பித்தான். விற்பனை ஆட்கள் பதறிப்போய், "அண்ணே, நீங்க எதுக்கு" என்று கையிலிருந்து வாங்கினார்கள்.

மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஊர் மெச்சியது. மெச்சட்டும்.

ஆனால் பங்குனி வந்தால் அவனால் தப்ப முடியவில்லை. தங்கச்சி செய்த குற்றத்துக்குக் கோட்டைச்சாமி தீச்சட்டி நேர்ந்துகொண்டான். வருசா வருசம் ஊரிலிருந்து வந்து, விரதமிருந்து, கனல் நிரப்பிய மண்சட்டியை வெறுங்கையில் வேப்பிலை வைத்து ஏந்தி வீதி வீதியாக வருவான். சட்டி எடுத்து வருகிறவன் வாசலுக்கு வந்தால் வீட்டுக்காரன் அவன் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கருத்தையா குடத்தோடு வெளியே வருவான். மஞ்சள் தண்ணீரை மச்சினன் காலில் ஊற்றுவான். "ஆத்தா, எந்தங்கச்சிய மன்னிச்சிரு" என்று கோட்டைச்சாமி அந்த வாசலில் நின்று சத்தமாகக் கேட்பான். உள்ளங்கை கன்றிச் சிவந்து, அடுத்த வருசம் வருவதற்குள் தோல் தடித்துப் போயிருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருசமும் கருத்தையா நினைப்பான். கடைத்தெருவில் பேச்சு திரும்பிவிடுமே என்று ஆரம்பத்தில் பயந்தான். பிறகு, இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தான்.

எழுபத்து நாலில் சுந்தரிக்கு மாப்பிள்ளை அமைந்தது. தாய்மாமன் முறைக்குக் கோட்டைச்சாமி வந்து எல்லாம் பேசி முடித்தான். கிளம்பும்போது தயங்கி நின்றான்.

"மாப்ளே, ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காதீக. ஆத்தாக்காரி பாவம் மகளத் தொடரும்னு பெரியவுக சொல்லுவாக. இந்தப் பங்குனிக்குச் சுந்தரியும் எங்கூட ஒரு சட்டி எடுத்துரட்டும். சுத்தமாகி வாழப் போகட்டும்."

"சின்னப்புள்ள அது" என்று மட்டும் கருத்தையா சொன்னான்.

"நா பக்கத்துலயே வருவேன் மாப்ளே. ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுக் கோட்டைச்சாமி பஸ்ஸுக்குப் போனான்.

அவன் போன பிறகு சுந்தரி உள்ளே இருந்து வந்தாள். அம்மாவின் உயரம் வந்துவிட்டது அவளுக்கு. அப்பாவோடு தேவைக்கு மேல் பேசுகிற வழக்கம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

"எங்க ஆத்தா வெலக்கா இருந்தது அதுக்கு முந்துன வாரம்ப்பா" என்றாள். "கொல்லக் கொட்டகையில உக்காந்திருந்துச்சு. நாந்தான் கஞ்சி கொண்டு போய்க் குடுத்தேன். வெள்ளிக்கெழம தலைக்குக் குளிச்சிட்டு என்னய மடியில போட்டுக்கிட்டுப் பேன் பாத்துச்சு. அப்ப எனக்கு அர்த்தம் தெரியல. வயசுக்கு வந்தப்பறம் தெரிஞ்சிருச்சு."

கருத்தையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு மாமா கேட்டப்ப நீங்க குனிஞ்சதையும் நா பாத்தேன். இன்னைக்கும் அதே மாதிரிதான் குனிஞ்சிருக்கீக." குரல் உயரவில்லை. "நா சட்டி எடுக்கிறேன். சூடு எனக்கு ஒண்ணும் பெருசில்ல. ஆனா ஆத்தா பாவம் பண்ணுச்சுன்னு சொல்லிக்கிட்டு எடுக்க மாட்டேன். வாசல்ல நின்னு நடந்ததச் சொல்லித்தான் எடுப்பேன். மாமாவுக்கு அது எல்லாருக்கும் முன்னால தெரியணுமா, இல்ல நீங்க போய்ச் சொல்றீகளா?"

மறுநாள் கருத்தையா கடைக்குப் போகவில்லை. பம்பாய்க்குப் போகும்போது உடுத்தும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிறகு எதற்கு என்று தோன்றி அவிழ்த்துவிட்டு, பழைய சட்டையில் பஸ் ஏறினான்.

கோட்டைச்சாமி வீட்டை ஒட்டிய கொல்லையில் கடலைச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க மாப்ளே, இங்குட்டு நெழலுக்கு வாங்க. ஒரு வார்த்த சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று துண்டால் கல்லைத் தட்டிவிட்டான். கருத்தையா உட்காரவில்லை. உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும், அப்புறம் சொல்ல முடியாது.

"காளி மேல குத்தமில்ல மச்சான்" என்றான். "அன்னைக்கு அவ வெலக்கா இல்ல. குளிச்சு நாலஞ்சு நாளாச்சு. சீலைதான். நா பம்பாய்ல எடுத்தாந்த சீல. நகராமக் கெடந்துச்சு. நாலு பேரு பாக்கட்டும்னு நாந்தான் கட்டிவிட்டேன். இழுத்துச் செருகிக்கிறேன்னு சொன்னா. இழை இழுத்துக்கிரும், வேணாம்னும் நாந்தான் சொன்னேன்."

கோட்டைச்சாமியின் கையிலிருந்த செடியிலிருந்து மண் உதிர்ந்தது.

"ஒங்க கிட்டச் சொல்லச் சொன்னா. ஆஸ்பத்திரியில. அண்ணன் நொந்துரும், சொல்லிருங்கன்னு அது ஒண்ணுதான் கேட்டா."

"அன்னைக்கு வாசல்ல நா கேட்டேனே."

"ஆமா."

"ஏன் மாப்ளே சொல்லல?"

கருத்தையா வரும் வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டுதான் வந்திருந்தான். செட்டியார் சொன்னதைச் சொல்லலாம். மகளை வளர்க்க வேண்டியிருந்ததைச் சொல்லலாம். இரண்டும் வாய்க்கு வரவில்லை.

"எனக்குக் கொள்முதலுக்குப் போகணும்னு இருந்துச்சு" என்றான்.

அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்திருந்தால் அவனுக்கு நல்லதாக இருந்திருக்கும். கோட்டைச்சாமி அடிக்கவில்லை. கையிலிருந்த செடியைக் குவியலில் போட்டான். மண்ணைத் தட்டிவிட்டு, தடித்துப்போன உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்தான்.

"சட்டி எடுத்தது கெடக்கட்டும் மாப்ளே. அது ஆத்தாளுக்கு எடுத்தது, அவ பாத்துக்கிருவா" என்றான். "வாழப் போன பொண்ணு அற்பாயுசுல போனா எங்க வீட்டுப் படையல்ல அதுக்கும் ஒரு எல உண்டு. எங்க அத்தைக்குப் போடுறோம், பெரியப்பா மகளுக்குப் போடுறோம். தீட்டோட போனவன்னு எந்தங்கச்சிக்கு மட்டும் நா போடல. அவ பேரச் சொல்லிக் கூப்புடக்கூட இல்ல. எட்டு வருசமாப் பட்டினி போட்டிருக்கேன்."

கருத்தையா ஏதோ சொல்ல ஒரு அடி முன்னால் வைத்தான். கோட்டைச்சாமி அவனைத் தாண்டி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டான். நடந்துகொண்டே பெண்டாட்டிக்குச் சத்தம் கொடுத்தான்.

"அடியே, ஒல வையி."

"இந்நேரத்துல யாருக்கு?" என்று உள்ளே இருந்து கேட்டது.

"காளியாயிக்கு" என்றான்.